அப்பாவின் பூட்டு

அரசாங்கக் குடியிருப்பில் வாழ்கிறவனுக்கு வீடு என்பது ஓர் ஒதுக்கீட்டு ஆணை. உரிமக் கட்டணம் இவ்வளவு, ஓய்வு பெற்றபின் இன்ன காலத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்னும் விதிகள் அந்த ஆணையோடு கூடவே வருகின்றன. சுவரில் சாமி படத்துக்கு ஆணி அடிக்கும்போதுகூட, ‘இது நம் சுவர் அன்று’ என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றி மறையும். மோதி பாக்கில் வளர்ந்து, இங்குள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்து, இன்று இங்கேயே மைய அரசின் எழுத்தனாகக் குடியிருக்கும் எனக்கு அந்த எண்ணம் பிள்ளைப் பருவத்திலிருந்தே பழகிப்போனது.

அப்படிப்பட்டவன் தன் வீட்டில் பழைய கணினி ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டு, அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் படங்களையும் கடிதங்களையும் பெரிய நிறுவனங்களின் இணையக் கிடங்குகளில் போட்டுவைக்கும் காலத்தில், அவற்றைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலை மந்திருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் உடன் வரும் ஒரு பெரியவர், “உமக்கு வேறு வேலை இல்லையா?” என்றே கேட்டுவிட்டார். அவருக்கு அன்று படி ஏறும்போது சொல்ல முடியாத விடையை இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் 1968 இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கியவர். மாயவரத்துத் தட்டச்சுப் பள்ளியில் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் தேறியிருந்தார். ஆங்கிலத் தட்டச்சு அவருக்குச் சோறு போட்டது. தமிழ்த் தட்டச்சுக்கு முப்பது ஆண்டுகளாகத் தலைநகரில் ஒரு வேலையும் வரவில்லை. 2001 இல், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து ஒரு கணினி வாங்கினார். பையனின் படிப்புக்காக என்றுதான் அம்மாவிடம் சொன்னார். அடுத்த மாதமே ஒரு தமிழ் மென்பொருள் வீட்டுக்கு வந்தது. அதன் விலை ஏறக்குறைய அவருடைய அரை மாதச் சம்பளம். அந்தக் குறுந்தகட்டோடு தீப்பெட்டி அளவில் ஒரு பொருளும் தந்தார்கள். கணினியின் முதுகில், அச்சுப்பொறியைப் பொருத்தும் இடத்தில் அதைச் செருகினால்தான் மென்பொருள் வேலை செய்யும். கடைக்காரர் அதை ‘லாக்’ என்றார். அப்பா பூட்டு என்றார். வேலை முடிந்ததும் கழற்றிப் பூஜை அலமாரியில் விபூதிச் சம்புடத்தின் பக்கத்தில் வைத்துவிடுவார். அதை எடுத்து விளையாடினாள் என்று அக்காளின் குழந்தை ஒருமுறை அடிகூட வாங்கியிருக்கிறது. பேரக் குழந்தைகள்மேல் அவர் கை ஓங்கியது அந்த ஒரே தடவைதான்.

தினமும் மாலையில் ஒரு மணி நேரம் தட்டினார். என்ன எழுதுகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 2004 இல் ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பியபோது கணினியும் பூட்டும் அவரோடு மாயவரம் போயின. கண்ணில் புரை விழும் வரையில், ஏறக்குறைய 2009 வரை, அங்கும் தட்டினார். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்துக்குப் பதிலாக ஓரிரண்டு பக்கங்களை அச்செடுத்து எனக்குத் தபாலில் அனுப்புவார். இளமையின் அலட்சியத்தால் அவற்றில் ஆறு தாள்களைத்தான் நான் பத்திரப்படுத்தினேன். 2013 இல் அவர் காலமானார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது, “அப்பா எழுதினதையெல்லாம் ஒருநாள் படித்துக் காட்டேண்டா” என்று அம்மா கேட்டாள். கணினி உயிரோடு இல்லை. உள்ளிருந்த வன்தட்டை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றித் தில்லிக்குக் கொண்டுவந்தேன். நேரு பிளேஸில் ஒரு கடைக்காரப் பையன் அதிலிருந்த கோப்புகளைப் பழுதில்லாமல் எடுத்துத் தந்தான். மொத்தம் முப்பத்தேழு கோப்புகள். வீட்டுக்கு வந்து திறந்தேன். திரை முழுவதும் ரோமன் எழுத்துகள். தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். நடுநடுவே பவுன் குறி, கேள்விக்குறி. ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை.

இதன் காரணம் பிற்பாடுதான் விளங்கியது. அந்நாளைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்கள். அவற்றில் ஒரு பகுதியில் தமிழ் வடிவங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரிசைப்படுத்தி வைத்தது. ஒருவரின் ‘க’ இருந்த இடத்தில் மற்றவருக்கு ‘ழு’ இருந்தது. கோப்பில் பதிந்திருப்பது இடத்தின் எண் மட்டுமே. எழுத்துரு இல்லையேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழறிந்த கணினியாளர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து முயன்றார்கள். தன்னார்வலர்கள் கூடி ‘திஸ்கி’ என்னும் பொது வரிசையை வகுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் அந்த வரிசையிலேயே பழந்தமிழ் நூல்களை வெளியிட்டது. 1999 இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு விசைப்பலகைக்கும் எழுத்து வரிசைக்கும் தரம் அறிவித்தது. உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருந்தும், அரசு அதைத் தரமாக ஏற்றது 2010 இல்தான். அப்பா தட்டிய ஆண்டுகள் சரியாக அந்த இடைக்காலத்தில் விழுந்துவிட்டன.

மென்பொருளை மறுபடி நிறுவிப் பார்க்கலாமே என்று தோன்றும். குறுந்தகடு இருந்தது. பூட்டும் இருந்தது, அம்மா விபூதிச் சம்புடத்தோடு சேர்த்தே அதைக் காத்துவந்திருந்தாள். ஆனால் அதைச் செருகும் வாய் இப்போதைய கணினிகளில் இல்லை. விற்ற நிறுவனத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். மறுமுனையில் ஒரு புடவைக் கடை பேசியது. பூட்டு கையில் இருக்க, கதவே காணாமற்போன கதையாயிற்று.

அப்போது எங்கள் அடுத்த பிளாக்கில் மலையாள நண்பர் ஒருவர் குடியிருந்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பு வரை கேரளத்தில் பாட்டி வீட்டிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். அங்கே பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடத்தப்படுகிறது. ஆகவே லினக்ஸ் அவனுக்குப் பலகையும் பல்பமும் போல. எங்கள் வீட்டில் மூலையில் கிடந்த கணினியில் அரை மணியில் அதை நிறுவிக் கொடுத்தான். “எவ்வளவு அப்பா கொடுக்க வேண்டும்?” என்றேன். “யாருக்கு அங்கிள்?” என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

லினக்ஸைப் பற்றி அறியாத அன்பர்களுக்காக நாலு வரி. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் அனைவருக்கும் உரிமை வேண்டும் என்று கருதி, 1983 இல் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், பொழுதுபோக்காக எழுதிய ஓர் இயங்குதளக் கருவைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிவித்தார். இரண்டும் சேர்ந்ததே இன்று லினக்ஸ் என்று வழங்குகிறது. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் 2007 முதல் ‘பாஸ்’ என்ற பெயரில் ஒரு லினக்ஸ் பதிப்பை வெளியிட்டு வருகிறது. மூலநிரல் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது என் தொழிலின் வழியாகத்தான். அலுவலகத்திலிருந்து வெளியே போவது ஆணை. அந்த ஆணை ஏன், எப்படிப் பிறந்தது என்பது கோப்பின் குறிப்புப் பக்கத்தில் இருக்கும். மற்ற மென்பொருள்களில் நமக்குக் கிடைப்பது ஆணை மட்டும். இதில் குறிப்புப் பக்கத்தையும் புரட்டலாம். வேண்டுமானால் நாமும் ஒரு குறிப்பு எழுதலாம்.

அப்படி எழுத வேண்டிய வேளை எனக்கு வந்தது. பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை அந்தப் பையன் கண்டுபிடித்தான். அதற்குப் பல எழுத்துருக்கள் தெரிந்திருந்தன, அப்பாவுடையது தெரியவில்லை. நான் சோர்ந்துபோனேன். அவனோ மூலநிரலைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். இடப்பக்கம் பழைய குறி, வலப்பக்கம் தமிழ் எழுத்து, வரிக்கு ஒன்று. “இதுபோல ஒரு பட்டியல் எழுதிவிட்டால் போதும் அங்கிள். இதற்கு நிரல் தெரிய வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும். எனக்கு அதுதான் தெரியாது” என்றான்.

பி.ஏ. வரலாறு படித்தவன் நான். கணக்கு என்றாலே ஒதுங்குகிறவன். ஆனால் பட்டியல் போடுவது எழுத்தனின் பிறவித் தொழில் அல்லவா? அப்பா தபாலில் அனுப்பிய ஆறு தாள்களையும் மேசைமேல் விரித்தேன். அதே பகுதிகள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று பத்திகளின் நீளத்தை வைத்துக் கண்டுகொண்டேன். தாளில் ‘மாயவரம்’ என்று இருந்தால் திரையில் அதே இடத்தில் என்ன குறிகள் இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து மணி வரை இதே வேலை. மூன்று வாரங்கள் பிடித்தன. ஆறு தாள்களிலும் வாராத எழுத்துகள் சில இருந்தன. ஆய்த எழுத்து எங்கே இருக்கிறது என்று இரண்டு நாள் தெரியவில்லை. ‘எ’ என்பதற்கும் ‘கு’ என்பதற்கும் நடுவில் ஒரு புதுக்குறி அகப்பட்டபோது, ‘எஃகு!’ என்று உரக்கக் கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

வேறொரு சிக்கலும் இருந்தது. பழைய எழுத்துருவில் நாம் தாளில் எழுதுவது போலவே முதலில் கொம்பு, பிறகு மெய். ஒருங்குறியில் முதலில் மெய், பிறகுதான் கொம்பு. இந்த மாற்றத்தை மென்பொருளே செய்துகொண்டது. அதனால் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. 1978 இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை அப்பா கடைசி வரை ஏற்கவில்லை. ‘ணை’, ‘லை’, ‘னை’ என்பவற்றைப் பழைய யானைத் துதிக்கைச் சுழியோடுதான் எழுதுவார். அந்த வடிவங்கள் இருக்கும் எழுத்துருவைத் தேடியே வாங்கியிருந்தார். மாற்றிய பிறகு அவையெல்லாம் புது வடிவில் வந்து நின்றன. அப்பாவின் பேச்சை வேறொருவர் குரலில் கேட்பது போல முதல் சில நாட்கள் மனம் ஒப்பவில்லை.

என்ன எழுதியிருந்தார் என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை, அவை குடும்பத்துக்கானவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதினெட்டாம் கோப்பில், 1981 டிசம்பரில் நான் பிறந்த இரவைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மூடுபனியில் வண்டி எதுவும் கிடைக்காமல் தவித்தபோது, எதிர்வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரில் அம்மாவை சஃப்தர்ஜங் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார். பின்னாலேயே சைக்கிளில் போன அப்பாவின் கையில் முந்நூறு ரூபாயையும் திணித்திருக்கிறார். அதில் பாதியை அப்பா திருப்பிக் கொடுத்தார். மறுபாதியைக் கொடுக்குமுன் அவர் மாற்றலாகிக் காலி செய்துவிட்டார். ‘பாக்கி ரூ. 150. முகவரி விசாரித்தும் கிடைக்கவில்லை’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போலவே எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார். அவரைப் பண்டிட்ஜி என்றே எல்லோரும் அழைத்ததால் பெயரும் கோப்பில் இல்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அரை மாதச் சம்பளத்தில் ஒரு பூட்டு வாங்கி அப்பா பத்திரப்படுத்த நினைத்தவற்றுள் இதுவும் ஒன்று. அந்த ஸ்கூட்டரைப் பற்றி அம்மாகூட என்னிடம் சொன்னதில்லை. தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, “ஆமாம், நீல நிற ஸ்கூட்டர்” என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தாள்.

நான் எழுதிய பட்டியலை அந்தப் பையன் மென்பொருளை எழுதியவர்களுக்கே அனுப்பிவைத்தான். சில மாதங்கள் கழித்து, கோலாலம்பூரிலிருந்து முகமறியாத ஒருவர் அதில் இரண்டு வரிகளைத் திருத்தி அனுப்பியிருந்தார். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் நான் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் அதே எழுத்துருவில் எதையோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் போலும்.

அதன் பிறகு எனக்குப் பூட்டு என்றாலே ஒரு பயம் வந்துவிட்டது. குழந்தையின் படங்கள், அம்மாவின் குரல், வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் யாரோ ஒருவருடைய சாவியை நம்பி ஏன் விட வேண்டும்? நேரு பிளேஸில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட சிறு கணினியை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். டெபியன் என்னும் லினக்ஸை அதில் நிறுவி, பரண்மேல் வைத்தேன். வீட்டிலுள்ள கைப்பேசிகளின் படங்கள் யாவும் இரவில் தாமாகவே அதில் சேர்ந்துவிடும். ஏறக்குறைய பதினைந்து வாட் இழுக்கிறது. மாதம் பதினொரு யூனிட். மின்கட்டணத்தை மனைவி என்னைவிடக் கவனமாகப் பார்ப்பதால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். மகள் அதற்குத் ‘தாத்தா’ என்று பெயர் வைத்தாள். வலைப்பின்னலிலும் அதே பெயர்தான்.

இதெல்லாம் சுகமான வாழ்வு என்று நான் சொல்லவில்லை. முதல் மே மாதமே தாத்தா மூச்சுத் திணறி நின்றுவிட்டார். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. மேல்தளத்து வீட்டின் பரண் அடுப்பாகவே இருந்தது. கீழே, துணி அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இறக்கி வைத்தேன். சில இணையதளங்கள் இந்த உலாவியில் ஒழுங்காகத் திறப்பதில்லை. மகளின் பள்ளிக்கூடத்தார் ஒருமுறை அனுப்பிய பாடத்தைத் திறக்க அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய பிழை என்னுடையது. 2021 இல் ஓர் இரவு, தேவையற்ற கோப்புகளை நீக்கக் கட்டளை தட்டினேன். தூக்கக் கலக்கத்தில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. மகளின் ஐந்தாம் பிறந்தநாள் முதல் ஓராண்டுப் படங்கள் போய்விட்டன. லினக்ஸ் ‘நிச்சயமாகவா?’ என்றுகூடக் கேட்கவில்லை, சொன்னதைச் செய்தது.

மனைவி கோபப்படவில்லை. “கூரை ஒழுகினால் என்கொயரியில் போய்ப் புகார் எழுதலாம். இதற்கு யாரிடம் போய் எழுதுவீர்கள்?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றளவும் என்னிடம் விடையில்லை. சொந்த வீடு கட்டியவர்கள் மழைக்காலத்தில் தாமே மொட்டை மாடியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்கு அந்த நினைவுதான் வந்தது. பெரிய நிறுவனத்தின் கிடங்கில் வைத்திருந்தால் ஒருவேளை அந்தப் படங்கள் பிழைத்திருக்கும். இதை மறைத்துவிட்டு லினக்ஸின் புகழ் பாடுவது நேர்மையாகாது.

அதன்பின் எதையும் மூன்று இடங்களில் வைக்கிறேன். ஒன்று தாத்தாவிடம். மற்றொன்று மாதம் ஒருமுறை மட்டும் இணைக்கும் தனி வன்தட்டில். மூன்றாவது மயிலாடுதுறையில் அக்காள் வீட்டில். அக்காளின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அங்கே இருக்கிறது. 2011 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத் தந்தார்கள். பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மின்கலம் செத்துப்போன அந்தக் கணினி இலேசான ஒரு லினக்ஸில், மின்செருகியிலேயே, இன்றும் ஓடுகிறது. சிங்க்திங் என்னும் கட்டற்ற மென்பொருள் இங்கே மாறுவதை அங்கேயும் மாற்றிவிடுகிறது. ஒன்றை இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடக்கூடாதே என்று, பழைய வடிவத்தைச் சில காலம் எடுத்துவைக்கும் ஏற்பாட்டையும் அதில் செய்திருக்கிறேன். 2021 கற்பித்த பாடம். அப்பா இரண்டு இரவுகள் ரயிலில் கடந்த தூரத்தை அவருடைய எழுத்து சில நொடிகளில் கடந்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சென்ற பொங்கல் விடுமுறையில் மகள் தாத்தாவின் கோப்புகளைத் தானாகவே படிக்க உட்கார்ந்தாள். தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நடுவில், “அப்பா, தாத்தா ஊர்ப் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறார். நான் எல்லா இடத்திலும் சரி பண்ணிவிட்டேன்” என்றாள். முப்பத்தேழு கோப்புகளிலும் மாயவரத்தை ஒரே கட்டளையில் மயிலாடுதுறை ஆக்கியிருந்தாள். அது தப்பு இல்லை, 1982 வரை ஊருக்கு அதுதான் பெயர், தாத்தாவுக்கு அதற்குப் பிறகும் அதுதான் பெயர் என்று சொல்லி, அவளை வைத்தே பழைய வடிவத்தைத் தேடி எடுக்கச் செய்தேன். நாங்கள் அந்த வேலையில் இருக்கும்போதே அக்காளிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அப்பா எழுத்தில் யாரடா கை வைத்தது?”